ரிபில்ஹெட் பாலம் தானாக நிற்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் ரிபில்ஹெட் ரயில் பாலத்தைப் பற்றி வெளியான பயணக் கட்டுரை விருப்பத்தோடு எழுதப்பட்டிருந்தது. மூடுபனியும் ஆட்டு மந்தையும் பாலத்தின் மேல் ஊரும் ரயிலும் படங்களில் அழகாக வந்திருந்தன. ஆனால் கட்டுரையில் மூன்று தகவல்கள் தவறு. பாலம் கம்பளிப் பொதிகளின் மேல் நிற்கிறது என்பது ஒன்று. அதன்மேல் இன்றும் இரட்டைப் பாதை ஓடுகிறது என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் பெரிய தவறு: விக்டோரியா காலத்துக் கொத்தனார்களின் கைத்திறனால் அது ஒன்றரை நூற்றாண்டாக யாரும் கை வைக்காமலே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலிரண்டைத் திருத்த இரண்டு வரி போதும். மூன்றாவதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பழைய கட்டடம், அதுவாகவே நிற்கும்’ என்ற நம்பிக்கையால்தான் அந்தப் பாலம் ஒரு காலத்தில் இடிபடும் நிலைக்கே போனது.

முதலில், அங்கே பாலம் எதற்கு என்பது. மிட்லண்ட் ரயில்வே கம்பெனி ஸ்காட்லாந்துக்குத் தனக்கென்று ஒரு விரைவுப் பாதை வேண்டுமென்று 1866-இல் நாடாளுமன்ற அனுமதி வாங்கியது. இடையில் மனம் மாறித் திட்டத்தைக் கைவிடக் கேட்டபோது நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் 1869-இல் வேலை தொடங்கியது. செட்டிலில் இருந்து கார்லைல் வரை ஏறத்தாழ 72 மைல். எல்லாம் பென்னைன் மலைநாடு. விரைவு ரயில் ஓட வேண்டும் என்பதால் 100 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏற்றம் கூடாது என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கை மீறாமல் போக வேண்டுமென்றால் பள்ளத்தில் இறங்கி ஏற முடியாது. குன்றைக் குடைய வேண்டும், பள்ளத்தைத் தாண்ட வேண்டும்.

பள்ளத்தை மண்கொட்டி மேடாக்குவது மலிவு. அதே பாதையில் கார்ஸ்டேலுக்குப் பக்கத்தில் டாண்ட்ரி மையர் என்ற சதுப்பில் அப்படித்தான் முயன்றார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் இரண்டரை லட்சம் கன கெஜத்துக்கு மேல் மண் கொட்டினார்கள். கொட்டிய மண் உள்ளே போனது; பக்கவாட்டில் சேறு மேடாகப் பிதுங்கி எழுந்தது; மேடு மட்டும் உயரவில்லை. கடைசியில் அங்கே 12 கண் பாலம் கட்டினார்கள். ரிபில்ஹெட்டில் பாலம் நிற்கும் பேட்டி மாஸ் என்ற இடமும் அதே மாதிரி கரிச்சதுப்பு நிலம். அதனால் தூண்களுக்கு 25 அடி வரை ஆழம் தோண்டி, சதுப்பையும் களிமண்ணையும் அகற்றிக் கெட்டித் தரையில் அடித்தளம் போட்டார்கள். கம்பளிப் பொதியெல்லாம் கிடையாது. இங்கிலாந்தில் பல பழைய பாலங்களுக்கு இந்தக் கம்பளிக் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆட்டு ரோமம் ஈரத்தில் அமுங்கும். அதன்மேல் 8 டன் கல்லை வைத்து நூறடி உயரம் எழுப்பினால் தூண் நிற்காமல் சாய்ந்துவிடும். கேட்க இனிமையான கதைதான். ஆனால் நீர் ஊறும் குழிக்குள் நின்று பாறை வரை தோண்டியவர்களின் உழைப்பை அது மறைத்துவிடுகிறது.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். 24 கண்கள். ஒவ்வொன்றும் 45 அடி அகலம். மொத்த நீளம் 440 கெஜம், அதாவது சுமார் 400 மீட்டர். மிக உயர்ந்த இடத்தில் தரையிலிருந்து 104 அடி, சுமார் 32 மீட்டர். வடக்கு முனை தெற்கு முனையைவிட 13 அடி உயரம். 1,320 அடி நீளத்தில் 13 அடி ஏற்றம் என்றால் மேலே சொன்ன நூற்றுக்கு ஒன்று அங்கேயும் அப்படியே இருக்கிறது. தலைமைப் பொறியாளர் ஜான் சிட்னி கிராஸ்லி. அந்தப் பகுதியை ஒப்பந்தம் எடுத்தவர் ஜான் ஆஷ்வெல். 1871-இல் அவரால் தொடர முடியாமல் போகவே கம்பெனியே வேலையை ஏற்றுக்கொண்டது. முதல் கல் 1870 அக்டோபரில் வைத்தார்கள். கடைசிக் கல் 1874-இல். சரக்கு ரயில் 1875-இலும், பயணிகள் ரயில் 1876 மே 1-ஆம் தேதியும் ஓடத் தொடங்கின.

தூணுக்கு வெளியே பெரிய சுண்ணாம்புப் பாறைக் கற்கள், சில 8 டன் எடை. உள்ளே உடைகல்லும் காரையும் கலந்த நிரப்பு. வளைவுகளுக்கு மட்டும் செங்கல். தூணில் பாரம் நேர் கீழே இறங்குகிறது, அதற்குப் பெரிய கல் ஏற்றது. வளைவிலோ ஒவ்வொரு துண்டும் ஆப்பு வடிவில் சாய்ந்து அடுத்ததைத் தள்ள வேண்டும். அத்தனை கல்லையும் அந்த வடிவத்தில் செதுக்கினால் கூலி கட்டாது. சிறு செங்கல் என்றால் காரைக் கோட்டின் தடிமனிலேயே வளைவைக் கொண்டுவந்துவிடலாம். அதனால் செங்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து வளையங்களாகச் சுற்றி, வெளிமுகத்துக்கு மட்டும் செதுக்கிய கல்லை வைத்தார்கள். பாலத்துக்கு மொத்தம் 15 லட்சம் செங்கல். கண் ஒன்றுக்குச் சராசரியாக 62,500 வருகிறது.

கட்டுரையில் ஒரு வரி கூட இல்லாதது தடித்த தூண்களைப் பற்றி. பாலத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஆறாவது தூண் ஒவ்வொன்றும் மற்றவற்றைவிடத் தடிமனாகத் தெரியும். அது அலங்காரம் அல்ல. ஒவ்வொரு வளைவும் தான் நிற்கும் இரண்டு தூண்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வளைவு எதிர்த்திசையில் தள்ளுவதால் கணக்குச் சரியாகிறது. ஒல்லியான தூணும் நேராக நிற்கிறது. ஒரு வளைவு போய்விட்டால் பக்கத்துத் தூணுக்கு எதிர்த்தள்ளல் இல்லை. அது சாயும், அடுத்ததும் சாயும், பாலம் முழுவதும் வரிசையாகப் படுத்துவிடும். தடித்த தூண் ஒரு பக்கத் தள்ளலைத் தனியாகவே தாங்கும். எனவே சேதம் அந்த ஒரு பகுதியோடு நின்றுவிடும். கட்டும்போதும் இது உதவும். வளைவு இறுகும் வரை அடியில் தாங்கி நிற்கும் மரச் சென்டரிங்கை 24 கண்ணுக்கும் ஒரே நேரத்தில் போட எந்தக் கம்பெனியாலும் முடியாது. தடித்த தூணிலிருந்து தடித்த தூண் வரை வளைவுகளை முடித்து, ஆப்புகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்திச் சென்டரிங்கை இறக்கி, அதே மரத்தை அடுத்த பகுதிக்குக் கொண்டுபோகலாம்.

இந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. பிரான்சில் ருவான் நகரத்துக்கும் லெ ஆவ்ர் துறைமுகத்துக்கும் இடையிலான பாதையில் பாரன்டான் என்ற ஊரில் 27 கண்களோடு, நூறடி உயரத்தில் ஒரு செங்கல் பாலம் கட்டப்பட்டது. திறப்பதற்கு முன்பே, 1846 ஜனவரி 10-ஆம் தேதி, பல நாள் பெருமழைக்குப் பிறகு அது முழுவதுமாக இடிந்து விழுந்தது. காரையில் கலந்த உள்ளூர்ச் சுண்ணாம்பின் மீதுதான் பலரும் சந்தேகப்பட்டார்கள். ஒப்பந்தக்காரர் தாமஸ் பிராசி யாரையும் குற்றம் சொல்லிக்கொண்டிராமல், தன் சொந்தச் செலவில் நல்ல சுண்ணாம்பு கொண்டு அதே ஆண்டில் மறுபடி கட்டிக் கொடுத்தார். அந்தப் பாலம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

சுண்ணாம்பைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம் கொத்தனார்களுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புக்கும் சுக்கான்கல் சுண்ணாம்புக்கும் உள்ள வேறுபாடு தெரியும். தூய சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். அடி கணக்கில் தடித்த தூணின் நடுவே காற்று போகாது. அங்கே அது ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கிடைப்பது தண்ணீரோடு சேர்ந்தே இறுகும். ரிபில்ஹெட்டில் போட்டது இந்த இரண்டாவது வகை. ஆனாலும் சிமெண்ட் போலக் கல்லாகிவிடாது; கொஞ்சம் நெகிழ்வு இருக்கும், ஈரத்தை வாங்கி வெளியே விடும். வெயிலிலும் குளிரிலும் 400 மீட்டர் நீளக் கட்டடம் விரிந்து சுருங்குவதை அந்த ஆயிரக்கணக்கான காரைக் கோடுகள்தான் பங்கு போட்டுத் தாங்குகின்றன.

அப்படியானால் பாலத்துக்கு எதிரி யார்? ரயிலின் எடை அல்ல. பாலத்தின் சொந்த எடையோடு ஒப்பிட்டால் மேலே போகும் வண்டியின் எடை சிறியது. காற்றும் அல்ல. 1964-இல் சரக்கு ரயிலில் போன புத்தம்புதுக் கார்களை அந்தக் காற்று வண்டியிலிருந்தே தூக்கி எறிந்தது, பாலத்தை அசைக்கவில்லை. எதிரி தண்ணீர்தான். மேலிருந்து மெதுவாக இறங்கும் மழைத் தண்ணீர்.

தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி. ஜல்லி தண்ணீரைத் தடுக்காது, வழிவிடும். அதற்குக் கீழே, வளைவுகளின் முதுகுக்கு மேல் ஒரு நீர்த்தடுப்புப் படலம் இருக்க வேண்டும். விக்டோரியா காலத்தில் பிசைந்த களிமண்ணையோ தாரையோ இதற்குப் போட்டார்கள். இரண்டு வளைவுகள் தூணின் மேல் சேரும் இடம் இயல்பாகவே ஒரு தொட்டி போல அமையும். தண்ணீர் எல்லாம் அங்கே வந்து சேரும். அங்கிருந்து ஒரு குழாய் வழியாக வெளியேற வேண்டும். இந்த இரண்டும், அதாவது படலமும் குழாயும், சரியாக இருக்கும் வரை பாலத்துக்கு ஒன்றும் ஆகாது.

படலம் ஐம்பது அறுபது ஆண்டில் வெடிக்கும். ரயில் அதிர்வில் ஜல்லியின் கூர்முனை அதைக் குத்தும். ஜல்லிப் பொடியும் இலைச் சருகும் பறவைக் கூடும் குழாயை அடைக்கும். தொட்டியில் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் காரைக் கோடுகளில் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வளைவின் அடியில் சொட்டும். அப்போதுதான் செங்கல்மேல் உப்புப் பூக்கும். வெள்ளைக் கோடுகள் வழியும். ஊசி போலச் சுண்ணாம்புக் கட்டிகள் தொங்கும். பயணிகள் அவற்றை ‘குகை போல் இருக்கிறது’ என்று படம் எடுப்பார்கள். தொங்குவது பாலத்தின் காரையில் இருந்த சுண்ணாம்பு. அது வெளியே வந்த அளவுக்கு உள்ளே பொள்ளல்.

அடுத்தது உறைபனி. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். ஈரம் ஊறிய செங்கல்லின் முகம் குளிர்காலத்தில் ஓடு ஓடாகக் கழன்று விழும். வளைவின் வளையங்களுக்கு இடையே உள்ள காரை போய்விட்டால் ஐந்து வளையமும் ஒன்றாகச் சேர்ந்து பாரம் தாங்காது. தனித்தனி ஓடுகளாகப் பிரிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கயிற்றில் தொங்கிச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான இடம் கணீர் என்னும். பிரிந்த இடம் பொத்தல் பானை போல மந்தமாக ஒலிக்கும். தூணிலோ வேறு விதமான கேடு. உள்நிரப்பின் காரை கரைந்து போனால் உடைகற்கள் கீழே இறங்கி அமரும். நெல் இறங்கிய மூட்டையின் வயிறு பிதுங்குவது போல வெளிக்கற்கள் தள்ளப்பட்டுப் பிதுங்கும். நெடுக்கில் வெடிப்பு விழும். வளைவுக்கு மேலே இருபுறமும் எழும் பக்கச் சுவர்களும் ஈரம் கனத்த நிரப்பின் அழுத்தத்தால் வெளிப்பக்கம் சாயும். அப்போது வளைவின் அடியில், சுவரின் உள்விளிம்பை ஒட்டி, நீளவாக்கில் ஒரு கோடு வெடிக்கும். அந்தக் கோட்டைக் கண்டதும் பாலத்தின் மேல் ஏறிப் படலத்தையும் குழாயையும் பார்க்க வேண்டும். கீழே இருந்து கோட்டை மட்டும் பூசி மூடுவது நோயை மறைப்பது.

ரிபில்ஹெட்டுக்கு இவ்வளவும் நேர்ந்தது. நட்டத்தில் ஓடும் ரயில் பாதைகளை மூடப் பரிந்துரைத்த 1963-இன் பீச்சிங் அறிக்கை அந்தப் பாதையில் பயணிகள் ரயிலை நிறுத்தச் சொன்னது. 1970-இல் செட்டில், ஆப்பிள்பி தவிர மற்ற நிலையங்கள் மூடப்பட்டன. மூடப்போகும் பாதைக்கு யார் செலவு செய்வார்கள்? 1980-களின் தொடக்கத்தில் பாலத்தைச் சரிசெய்ய 60 லட்சம் பவுண்டு வரை ஆகும் என்ற கணக்கைக் காட்டி, பாதையையே மூடுவதாக பிரிட்டிஷ் ரயில்வே அறிவித்தது. 1985-இல் பாலத்தின் மேல் இரட்டைப் பாதை ஒற்றைப் பாதையாக்கப்பட்டு, தண்டவாளம் நடுவுக்கு நகர்த்தப்பட்டது. பாரம் பக்கச் சுவர்களை விட்டு விலகி நடுவே இறங்கட்டும் என்பது நோக்கம். இன்றும் அதே ஒற்றைப் பாதைதான். உங்கள் படத்திலேயே உற்றுப் பார்த்தால் தெரியும்.

பாதையைக் காக்க மக்கள் எழுந்ததைக் கட்டுரை சொல்கிறது. 22,000-க்கு மேற்பட்ட ஆட்சேபங்கள் வந்ததும், அதில் ஒரு நாயின் பாதத் தடமும் இருந்ததும் உண்மை. ஆனால் உணர்ச்சி மட்டும் பாலத்தைக் காப்பாற்றவில்லை. 1988-இல் முழுப் பாலத்தையும் தொடாமல், ஒரு சிறு பகுதியில் மட்டும் சோதனையாகப் பழுது பார்த்தார்கள். ஜல்லியை எடுத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று கண்ணால் பார்த்து, நீர்த்தடுப்பு போட்டுச் செலவைக் குறித்தார்கள். உள்ளே இருந்த நிலைமை அஞ்சியதைவிட நல்லது என்று தெரிந்தது. கணக்கு வெகுவாகக் குறைந்தது. 1989 ஏப்ரல் 11-ஆம் தேதி அரசு மூடும் திட்டத்தை நிராகரித்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் பாலம் முழுவதும் பழுதுபார்க்கப்பட்டது. பழைய கட்டடத்தைப் பற்றி முடிவெடுக்கும் எவருக்கும் இது முக்கியமான செய்தி. மூடிக் கிடக்கும் இடத்தைத் திறந்து பாராமல் போட்ட மதிப்பீட்டில் பொறியாளரின் அச்சமும் சேர்ந்துகொள்ளும். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால் மற்ற 23 கண்ணுக்கும் உண்மையான விலை தெரியும்.

இத்தகைய பாலத்தை எப்படிச் சரிசெய்வது என்று வாசகர்கள் சிலர் அறிய விரும்பலாம். வேலை மேலிருந்து கீழே வர வேண்டும். ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் ஜல்லியையும் எடுத்த பிறகு, வளைவின் முதுகு வரை சுத்தம் செய்து, தண்ணீர் தேங்காமல் ஓடும்படி வாட்டம் கொடுத்து மெல்லிய தளம் போடுகிறார்கள். அதன்மேல் நீர்த்தடுப்பு விரிப்பு. விரிப்பை ஜல்லி குத்தாமலிருக்க இன்னொரு காப்பு விரிப்பு. ஓரத்தில் விரிப்பைச் சுவரில் மேலேற்றி மடக்கிச் செருக வேண்டும். அங்கே சோம்பல் பட்டால் தண்ணீர் விரிப்புக்குப் பின்னால் இறங்கும், போட்டதெல்லாம் வீண். பிறகு குழாய்கள். குழாயின் வாய் சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வெளியேறும் தண்ணீர் கல்லின் மேலேயே வழிந்து அதே கல்லைக் கெடுக்கும். குழாயைத் துடைக்கக் கை நுழையும் இடமும் விட வேண்டும்.

மேலே காய்ந்த பிறகுதான் கீழே. உள்ளே ஈரம் வற்றச் சில மாதமாவது விட்டால் நல்லது. தூணுக்குள் பொள்ளல் இருந்தால் துளையிட்டுச் சுண்ணாம்புக் கூழைக் குறைந்த அழுத்தத்தில், அடியிலிருந்து மேலாகச் செலுத்துகிறார்கள். மேல் துளையில் கூழ் எட்டிப்பார்த்ததும் கீழ்த் துளையை அடைத்துவிட்டு ஏறுவது முறை. அழுத்தத்தைக் கூட்டினால் தளர்ந்த வெளிக்கல்லைக் கூழே தள்ளிப் பிதுக்கிவிடும். பிரிந்த வளையங்களைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் தைக்கிறார்கள். பக்கச் சுவர்கள் சாய்ந்திருந்தால் குறுக்கே கம்பி ஊடுருவி, இருபுறமும் வார்ப்பிரும்புத் தகடு வைத்து முடுக்குகிறார்கள்.

கற்களுக்கு இடையிலுள்ள கோடுகளில் புதுக் காரை அடைக்கும் பாயிண்டிங்தான் கடைசி. அதிகம் கெடுக்கப்படுவதும் அதுவே. பழைய காரையை உளியால் எடுக்க வேண்டும், சுழலும் வெட்டுக்கருவி கல்லின் விளிம்பையே தின்றுவிடும். கோட்டின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழம், குறைந்தது ஓர் அங்குலமாவது எடுக்க வேண்டும். தண்ணீர் தெளித்து, நீரில் இறுகும் சுண்ணாம்பு ஒரு பங்குக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கூர்மணல் கலந்து, ஆழத்தில் திணித்து, சணல் சாக்கு போர்த்தி ஈரம் காக்க வேண்டும். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போனால் வேலையை நிறுத்த வேண்டும். அந்த மலையில் அப்படியான நாள்கள் ஆண்டில் பாதி. அதனால்தான் சாரம் கட்டிய வேலை கோடையில் நடக்கிறது.

இவ்வளவு தொல்லை எதற்கு, சிமெண்டைப் பூசினால் ஆகாதா என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். முன்பு அப்படிப் பூசிய இடங்கள்தான் பின்னால் அதிகம் கெட்டன. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. கோட்டு வழியாக வெளியேற வேண்டிய ஈரம் கல் வழியாகவும் செங்கல் வழியாகவும் வெளியேறப் பார்க்கும். உறைந்து கல்லின் முகத்தையே உடைக்கும். சில ஆண்டுகளில் சிமெண்ட் கோடு மட்டும் பிதுங்கி நிற்கும், நடுவே கல் குழிந்திருக்கும். காரை என்பது மாற்றக்கூடியது. கெட்டால் அது கெடட்டும், கல் கெடக் கூடாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவரிடம் பழைய பாலத்தை நம்பி ஒப்படைக்கலாம்.

மாற்றுக் கல் தேடுவதும் சின்ன வேலை அல்ல. லண்டனிலிருந்து பிரைட்டன் போகும் பாதையில் 1841-இல் திறந்த ஊஸ் பள்ளத்தாக்குப் பாலம் இருக்கிறது. 37 கண்கள், ஒரு கோடியே பத்து லட்சம் செங்கல். ஜான் ரஸ்ட்ரிக் பொறியாளர். மேலே உள்ள கல் கைப்பிடியும் மண்டபங்களும் டேவிட் மொகாட்டாவின் வடிவமைப்பு. அந்தக் கைப்பிடிக்குப் பிரான்சின் கான் நகரத்து மென்மையான கல்லைப் போட்டிருந்தார்கள். 1990-களின் கடைசியில் 65 லட்சம் பவுண்டு செலவில் சீரமைத்தபோது, பழைய கல் கிடைக்காமல், நிறமும் நுண்துளையும் ஒத்த கல்லைப் பிரான்சின் போர்தோ பக்கத்திலிருந்து கொண்டுவந்தார்கள். நிறம் பொருந்துவது பார்வைக்கு. நுண்துளை பொருந்துவதுதான் ஆயுளுக்கு: கெட்டியான புதுக் கல், பக்கத்துப் பழைய கல்லுக்குத் தன் ஈரத்தைத் தள்ளிவிடும்.

ரிபில்ஹெட்டில் 2020-21-இல் மறுபடியும் 21 லட்சம் பவுண்டு செலவில் வெடித்த கற்களை மாற்றினார்கள், பாயிண்டிங் செய்தார்கள், வடிகால் குழாய்களைப் புதுப்பித்தார்கள். 1990-களில் இவ்வளவு செய்தும் முப்பது ஆண்டில் திரும்பவும் வேலையா என்று தோன்றலாம். அதுதான் இயல்பான கணக்கு. கூரை ஓடுகளை மாற்றுவது போல, ஒவ்வொரு தலைமுறையும் ஒருமுறை அங்கே சாரம் கட்ட வேண்டும். இன்றும் அதன்மேல் பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் ஓடுவதால்தான் அதைச் சோதிக்க ஆட்கள் இருக்கிறார்கள், குழாய் அடைத்தால் தெரியவருகிறது. ரயில் போகாத பாலத்தில் குழாயை யார் பார்ப்பார்கள்? பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற அரசாணை மட்டும் தண்ணீரை வடிக்காது.

கட்டுரை சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. பாலத்தைக் கட்டியவர்கள் அந்தச் சதுப்பிலேயே மரக் குடிசைகள் போட்டு, மனைவி மக்களோடு வாழ்ந்தார்கள். குடியிருப்புகளுக்கு செபாஸ்டபோல், ஜெரிக்கோ, ஜெருசலேம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெரியம்மையும் விபத்தும் பலரைக் கொண்டுபோயின. பக்கத்தில் சேப்பல்-லெ-டேல் என்ற சிற்றூரின் தேவாலயக் கல்லறையில் அந்த ஆண்டுகளில் 200 பேர் அளவுக்குப் புதைக்கப்பட்டார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. குடிசைகள் இருந்த இடம் இப்போது தொல்லியல் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. புல்லுக்கடியில் மேடுபள்ளங்களாக அது இன்னும் தெரியும். பாலத்தின் படத்தோடு அந்தக் கல்லறையின் படம் ஒன்றையும் போட்டிருக்கலாம்.

அங்கே போக நினைக்கும் வாசகர்களுக்கு: ரிபில்ஹெட் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் பாலத்தடி. ரயிலில் உட்கார்ந்திருந்தால் பாலம் தெரியாது. கீழே நின்று ஒரு முனையிலிருந்து தூண்களை எண்ணிக்கொண்டே போங்கள். தடித்த தூண் எங்கே வருகிறதென்று கண்டுபிடியுங்கள். பிறகு வளைவின் அடியில் அண்ணாந்து, செங்கல்லும் ஓரக் கல்லும் சேரும் கோட்டைப் பாருங்கள். முடிந்தால் மழை விட்ட மறுநாள் போங்கள். குழாய் வாயிலிருந்து தண்ணீர் கல்லைத் தொடாமல் கீழே விழுகிறதா, கல்லின் மேல் வழிகிறதா என்று அன்றுதான் தெளிவாகத் தெரியும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் மலைப்பாதையில் கழுதுருட்டியில் உள்ள பதின்மூன்று கண் பாலத்தடியில் நின்றும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். அந்தப் பாதை திறந்தது 1904-இல்; தண்ணீர் எங்கும் ஒரே மாதிரிதான் இறங்குகிறது.

கம்பளிப் பொதி, இரட்டைப் பாதை, கைபடாமல் நின்றது ஆகிய மூன்றுக்கும் அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடமிருந்தால் தடித்த தூண் தெரியும்படி பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கற்பாலங்களின் பராமரிப்பில் ஈடுபாடு கொண்ட வாசகர்